மொழி தெரியாமலே நீங்கள் ரசித்துப் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சி எது?

ஜப்பானின் ‘பேனல் க்விஸ் அட்டாக் 25’. வினாடி வினாவை மொழி தெரியாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள், நியாயம்தான்.

2013-இல் வேலைக்காக ஒசாகா போய்ச் சேர்ந்தேன். ஜப்பானிய மொழியில் எனக்கு அப்போது நன்றி, மன்னிக்கவும், ‘இதில் மீன் இருக்கிறதா’ இவ்வளவுதான் சொல்லத் தெரியும். அறையில் கூட இருந்த அண்ணன் திருநெல்வேலிக்காரர், எனக்குப் பல வருடம் முன்பே வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை இறக்கி வைத்த கையோடு மதியம் ஒன்றரை மணி வாக்கில் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வி ஓடுகிறது, யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள், பலகையில் நிறம் மாறுகிறது. திடீரென்று அண்ணன் கத்தினார்: “மூலைய விட்டுட்டாம்ல! போச்சு!”

மூலை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் இன்டர்நெட் ரிவர்சி என்று ஒரு விளையாட்டு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியிருக்கிறேன். எதிராளியின் காய்களை இரண்டு பக்கமும் நம் காயால் அடைத்தால் நடுவில் இருப்பதெல்லாம் நம்முடையது. அதே ஆட்டம்தான் இங்கே டிவியில்!

ரிவர்சி 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது. அதை ஒத்த ஒதெல்லோவை ஜப்பானில் கோரோ ஹசேகாவா உருவாக்க, 1973-இல் அது கடைகளுக்கு வந்து சக்கைப்போடு போட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1975 ஏப்ரலில், ஒசாகாவின் அசாஹி ஒளிபரப்பு நிறுவனம் அதையே வினாடி வினாவாக்கிவிட்டது.

ஒதெல்லோவில் இரண்டு நிறம், 64 கட்டம். இங்கே சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என்று நான்கு பேர். ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டம், ஒன்றிலிருந்து வரிசையாக எண் போட்டிருக்கும். சரியாகப் பதில் சொன்னால் ஒரு கட்டம். முதல் கட்டம் எப்போதும் நடுவில் உள்ள 13. அதைச் சிவப்பு எடுக்கிறது, அடுத்து பச்சை 14-ஐ எடுக்கிறது என்று வையுங்கள். மறுபடி சிவப்பு பதில் சொல்லி 15-ஐக் கேட்டால் நடுவில் மாட்டிய 14-ம் சிவப்பாகிவிடும். மூலைக் கட்டத்தை மட்டும் யாராலும் இரண்டு பக்கம் அடைக்க முடியாது. அண்ணன் கத்தியது அதற்குத்தான்.

ஆகவே பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னவர் மூன்று கட்டத்தோடு நிற்பதும், நான்கே கேள்விக்குச் சொன்னவர் பலகையில் பாதியைச் சுருட்டுவதும் இங்கே நடக்கும். மற்ற வினாடி வினாக்களில் படித்தவன் ஜெயிப்பான், பார்க்கிற நமக்கு வேலை இல்லை. இதில் பதில் தெரியாத நானும் ‘ஐயோ, 21-ஐக் கேளுடா’ என்று பதறலாம்.

இதற்கு மேல் ஒரு குறும்பு உண்டு. ஐந்து கட்டங்களே மீதி இருக்கும்போது ‘அட்டாக் சான்ஸ்’ வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வதோடு, யாரோ பிடித்து வைத்திருக்கும் ஒன்றை மஞ்சளாக்கிக் காலி செய்யலாம். பெரும்பாலும் மூலைதான் பலியாகும். அசைக்க முடியாது என்று இருந்த மூலை போனால் அந்த வரிசை மொத்தமும் ஆட்டம் காணும். கடைசி இடத்தில் இருந்தவர் முதலிடத்துக்கு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

36 வருடம் இதை நடத்தியவர் கியோஷி கோதாமா என்ற நடிகர். நான் போவதற்கு இரண்டு வருடம் முன்பே, 2011-இல் இறந்துவிட்டார். ஆனாலும் முஷ்டியை மடக்கி அவர் ‘அட்டாக் சான்ஸ்!’ என்று சொல்லும் விதம் எனக்கு மனப்பாடம். காரணம், ஹகாட்டா ஹனமாரு என்ற நகைச்சுவைக் கலைஞர் அவரைப் போலவே பேசிக் காட்டி 2006-இல் ஒரு பெரிய நகைச்சுவைப் போட்டியையே ஜெயித்தவர். நான் நகலைப் பார்த்துத்தான் அசலைத் தேடிப் போனேன்.

ஜெயித்தவருக்குக் கடைசியில் ஒரு சோதனை உண்டு. அவர் பிடித்த கட்டங்கள் மட்டும் திறந்து, பின்னால் ஒரு படம் ஓடும். அது யார், எது என்று கண்டுபிடித்தால் வெளிநாட்டுப் பயணம். கட்டம் குறைவு என்றால் ஓட்டை வழியே ஒரு காதும் கொஞ்சம் வானமும்தான் தெரியும். அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பார். குனிந்தால் கூடுதலாகத் தெரியுமா என்ன!

2021 செப்டம்பரில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் வாட்சப்பில் அழுகை முகமாக அனுப்பித் தள்ளினார். அடுத்த வருடமே வேறொரு சேனலில் புதுப் பெயரோடு திரும்ப வந்தது.

இப்போது மழை நாட்களில் அக்கா பிள்ளைகளோடு நோட்டில் 25 கட்டம் போட்டு கலர் பென்சிலால் ஆடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அழித்து வண்ணம் மாற்றி நோட்டே கிழிந்துவிடுகிறது. விதிகள் அவர்களுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. முஷ்டியை மடக்கிக் கத்துவது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது.