நடை குறையவில்லை, படிதான் ஏற முடியவில்லை

கேள்வி: வயது 66. தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், களைப்பே தெரிவதில்லை. காய்கறிப் பையோடு அரை மணி நேரம் நிற்பேன். ஆனால் பஸ் படியில் சட்டென்று ஏற வரவில்லை. இரண்டு மாடி ஏறினால் தொடை கடுக்கிறது. நடக்கிறவனுக்கு ஏன் இப்படி?
– வாசகர், திருச்சி

பதில்: தசையில் நெடுநேரம் நிதானமாக உழைக்கும் இழைகள் உண்டு. சட்டென்று விசை கொடுத்துச் சீக்கிரம் சோர்ந்துவிடும் இழைகளும் உண்டு. வயதானால் அதிகம் மெலிவது இந்த வேக இழைகள்தான். பையைத் தாங்கி நிற்பதில் இளவட்டங்களுக்கு நீங்கள் சளைக்காததும், படியில் தடுமாறுவதும் இதனால்தான். நடைக்கு நிதான இழைகளே போதும். தூரத்தை எவ்வளவு கூட்டினாலும் வேக இழைகளுக்குப் பெரிதாக வேலை வராது.

இதயத்தின் உச்சத் துடிப்பும் இறங்குகிறது. 25 வயதில் நிமிடத்துக்குச் சுமார் 190, உங்கள் வயதில் 162. படி கேட்கும் உழைப்பு அதேதான், உங்கள் உச்சம் அதன் பக்கத்தில் இறங்கி வந்துவிட்டது.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 வினாடியைத் தாண்டினால் கால் பலம் குறைந்திருக்கிறது. பயிற்சிக்கும் அதே நாற்காலி போதும். பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வையுங்கள், முன்னால் நீட்டியிருந்தால் எழவே வராது. எழுவது வேகமாக, உட்காருவது மூன்று எண்ணி மெதுவாக. வேகமாக எழுந்தால்தான் வேக இழைகள் விழிக்கும். 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. வாரம் இரண்டு நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். சுலபமாகிவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும். எழும்போது மூச்சை விடுங்கள். தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பயிற்சி வீண், முதுகெலும்புக்கும் ஆகாது.

இனி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

சாப்பாட்டில் புரதம், ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். இட்லி சட்னியில் அது மிகக் குறைவு, இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய பிறகு தசை வலி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். படியேறும்போது நெஞ்சை இறுக்கினால் நாற்காலிப் பயிற்சி அப்புறம், முதலில் இசிஜி.