மாஸ்டர் பதில்கள்: ஹென்றியா, வால்காட்டா, பெல்லரினா?

கே: மாஸ்டர், இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர் லண்டன் கால்பந்து கிளப் ஆர்சனலின் ரசிகர்கள். கிளப்புக்கு ஆடியவர்களிலேயே வேகமானவர் யார் என்று மூன்று வாரமாகச் சண்டை. இரண்டு பேர் ஹென்றி, இரண்டு பேர் வால்காட், ஒருவன் மட்டும் பெல்லரின் என்கிறான். நீங்கள் தீர்த்து வையுங்கள்.
– வாசகர், கோத்தகிரி

ப: ஐந்து பேர் இருந்தும், தொண்ணூறுகளின் கடைசியில் ஓரத்தில் (விங்கில்) ஆடிய ஓவர்மார்ஸ் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லையே தம்பி! உங்கள் வயது தெரிந்துவிட்டது.

1998 மார்ச் 14. இங்கிலாந்து லீகில் மான்செஸ்டர் யுனைடெட் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தது. அவர்கள் மைதானத்திலேயே, ஆட்டம் முடியப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது, அனெல்கா தலையால் தட்டிவிட்ட பந்தைத் துரத்திப் போய் ஓவர்மார்ஸ் கோல் அடித்தார். 1-0. அந்த ஆண்டு லீகும் எஃப்.ஏ. கோப்பையும் ஆர்சனலுக்கு, கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோலும் அவருடையதுதான். இத்தனைக்கும் அதற்கு இரண்டு வருடம் முன்பு முட்டி கிழிந்து, 1996 யூரோ போட்டிக்கே போக முடியாமல் கிடந்தவர். 'முட்டி போன விங்கரை வாங்குகிறார்களே' என்று நானும்தான் புலம்பினேன். 27 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் புலம்பல், பலிக்கவில்லை.

வால்காட் விஷயத்துக்கு வருவோம். 2008 ஏப்ரல், லிவர்பூல் மைதானம், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். குளிருக்கு ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி, டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 19 வயதுப் பையன், சொந்தப் பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் பந்தை எடுத்து, குறுக்கே வந்த ஒவ்வொருவரையும் தாண்டி அந்தக் கோடி வரை ஓடி, அடபயோருக்குத் தள்ளினான், அவர் கோலாக்கினார். 2-2. நான் கத்திய கத்தலில் வீடே எழுந்துவிட்டது. எழுந்தவர்கள் கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் லிவர்பூலுக்குப் பெனால்டி. கடைசியில் 4-2, நாம் வெளியே. அந்த ஓட்டத்தை யாரும் மறக்கவில்லை, ஆட்டத்தின் முடிவைத்தான் மறக்கப் பார்க்கிறோம்.

ஆனாலும் என் ஓட்டு ஹென்றிக்கு. 2003 செப்டம்பரில் இன்டர் மிலான் நம் ஊருக்கு வந்து – ஆர்சனலின் பழைய மைதானம் ஹைபரியைத்தான் சொல்கிறேன் – 3-0 என்று அடித்துவிட்டுப் போனது. நவம்பர் 25 அன்று அவர்கள் ஊரில் பதிலாட்டம். 85-வது நிமிடம், நாம் 2-1 முன்னிலை. தன் பாதி மைதானத்திலிருந்து பந்தோடு கிளம்பினார் ஹென்றி. எதிரே இன்டரின் ஜனெட்டி, அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, நாள் முழுக்க ஓடுவார். ஜனெட்டி பக்கத்தில் வந்ததும் ஹென்றி வேகத்தைக் குறைத்தார். கிட்டத்தட்ட நின்றேவிட்டார். ஜனெட்டியும் கால் ஊன்றினார். அந்த நொடியில் மறுபடி கிளம்பினார் பாருங்கள்! மூலை பார்த்து இடது காலால் ஓர் அடி. கடைசியில் 5-1.

கோத்தகிரி–மேட்டுப்பாளையம் ரூட் டிரைவர்களைக் கவனித்தால் புரியும். நேர் ரோட்டில் எவனும் மிதிப்பான். வளைவில் குறைத்து, வளைவு முடியுமுன் எடுக்கிறானே, அவன்தான் டிரைவர். வேகத்தைக் குறைக்கத் தெரிந்த வேகக்காரர் நான் பார்த்தவரை ஹென்றி ஒருவர்தான். வால்காட்டுக்கு அது கடைசி வரை வரவில்லை என்பது என் எண்ணம். அந்த இரண்டு பேர் சண்டைக்கு வரலாம், டீ நீங்கள் வாங்கித் தருவதானால்.

கே: நாற்பது மீட்டரில் பெல்லரின் உசைன் போல்ட்டையே மிஞ்சியவர் என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவர், குன்னூர்

ப: அந்தத் தனி ஆள் நீங்கள்தானோ?

கணக்கு இதுதான். கிளப் சோதனையில் பெல்லரின் 40 மீட்டரை 4.41 விநாடியில் ஓடியதாகச் செய்தி வந்தது. 2009-இல் பெர்லினில் 100 மீட்டரில் 9.58 விநாடி சாதனை படைத்தபோது போல்ட் முதல் 40 மீட்டரை 4.64-இல் கடந்தார். பார்த்தால் பெல்லரின் ஜெயித்த மாதிரிதான். ஆனால் போல்ட்டின் கடிகாரம் துப்பாக்கி வெடித்ததுமே ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தம் காதில் விழுந்து கால் அசையவே அவருக்கு 0.146 விநாடி ஆனது. அதைக் கழித்தாலே 4.49-க்கு வந்துவிடுகிறது. கால்பந்துக்காரர்களின் சோதனையில் துப்பாக்கி கிடையாது. பொதுவாக, நின்ற இடத்திலிருந்து இஷ்டப்பட்டபோது கிளம்பி, ஒளிக்கதிரை உடம்பு வெட்டும்போதுதான் நேரம் ஆரம்பிக்கும். எங்கள் பள்ளியில் நானே இரண்டு விதமாகவும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். விசிலுக்குக் கிளம்பினால் அதே பையனுக்கு இரண்டு மூன்று பத்தில் கூடிவிடும். அப்புறம், போல்ட் உச்ச வேகத்தைத் தொட்டதே 60 மீட்டர் தாண்டித்தான்.

பெல்லரின் படு வேகம், சந்தேகமில்லை. போல்ட்டை விட்டுவிடுவோம்.

கே: ஊட்டியில் ஆடினால் எங்கள் டீமுக்கு மூச்சு வாங்குகிறது. மலை உயரத்தில் வேகம் கூடும் என்று எங்கள் கோச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், மேட்டுப்பாளையம்

ப: இரண்டும் சரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே 100 மீட்டரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடினார், 200, 400 இரண்டிலும் வேறு இருவர் உலக சாதனை படைத்தார்கள். 10,000 மீட்டரோ ஆமை வேகம், ஜெயித்தவருக்கே 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. உங்கள் விங்கர் ஒரு முறை ஓடினால் காற்று வழிவிடும், நான்காவது முறை ஓடினால் நுரையீரல் கை விரித்துவிடும். முடிந்தால் ஒரு வாரமாவது முன்னாலேயே மேலே வந்து தங்குங்கள். லாங் பாஸையும் கொஞ்சம் மெதுவாக அடியுங்கள், இங்கே பந்து நீளமாகப் போகும்.

கே: இப்போது பிரீமியர் லீக்கில் யார் வேகம்?
– வாசகி, கூடலூர்

ப: 2024 ஜனவரியில் மிக்கி வான் டி வென் மணிக்கு 37.38 கி.மீ. தொட்டார். ஆர்சனலின் பரம எதிரி டாட்டன்ஹாம் கிளப் ஆள். இதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கே: நீங்கள் நேரில் பார்த்த வேகமான ஆட்டக்காரர்?
– பழைய மாணவர், ஊர் எழுதவில்லை

ப: எஸ்டேட் லைன் வீட்டுப் பையன் ஒருவன். எங்கள் கிரவுண்டு ஒரு பக்கம் சரிவு, கீழே தேயிலை. பந்து செடிக்குள் போனால் எடுத்துவர ஐந்து நிமிடம் ஆகும். அவன் விங்கில் ஆடிய மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் பந்து போனதே அபூர்வம், கோட்டைத் தாண்டுமுன் பிடித்துவிடுவான். வெறுங்கால். மாவட்டப் போட்டிக்கு என்று ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்து 40 மீட்டர் ஓடவிட்டேன்: 5.6. கழற்றிவிட்டு ஓடச் சொன்னேன்: 5.4. மறுநாள் அந்த ஷூ அவன் அண்ணன் காலில் இருந்தது, பஜாருக்குப் போய்க்கொண்டிருந்தது.