வீட்டுக்காரர் கவுன்சிலாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வீடுகளிலும், லாபநோக்கமின்றி வீடு வாடகைக்கு விடும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளிலும் குடியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. குளிர் தொடங்கிவிட்டால் வருவதில் பெரும்பகுதி பூஞ்சை பற்றியதுதான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளை படுக்கும் அறையில் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. ஹவுசிங் ஆபீசர் வந்தார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டுக்குள் துணி காயப்போடாதீர்கள், சமைக்கும்போது பானையை மூடுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் சமையல்தான் காரணமா? – வாசகி, ஹாரோ

அந்தத் தாளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். சோறு வடிக்கிற வீடு, ரசம் கொதிக்கிற வீடு என்றால் கொடுப்பவருக்கு அது இன்னும் வசதியாகிவிடுகிறது. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நீண்ட நாள் இருந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாங்களாக ஒன்றை அனுமானித்துக்கொண்டதாகவும் அது தவறு என்றும் வீட்டு நிர்வாகம் பிறகு ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2021இல், குடியிருப்பவரின் பழக்கத்தின் மேல் பழிபோடுவதை நிறுத்துங்கள் என்று ஹவுசிங் ஆம்புட்ஸ்மன் (குடியிருப்பவர்களின் புகார்களை நடுநிலையாக விசாரிப்பவர்) சொல்லியாயிற்று.

இப்போது ‘அவாப் சட்டம்’ நடைமுறையில் இருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல், உடல்நலத்துக்குக் கணிசமான ஆபத்தான ஈரம், பூஞ்சை பற்றி நிர்வாகத்துக்குத் தெரியவந்தால் 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். விசாரணை முடிந்து 3 வேலை நாட்களுக்குள் என்ன கண்டார்கள், என்ன செய்யப்போகிறார்கள் என்று உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். ஆபத்து இருப்பது உறுதியானால் விசாரணை முடிந்து 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பூஞ்சை திரும்ப வராமலிருக்கச் செய்யும் பெரிய வேலைகளை உடனே தொடங்க முடியாவிட்டால் 12 வாரங்களுக்குள்ளாவது தொடங்கியாக வேண்டும். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரம்தான். அந்தக் கெடுவுக்குள் முடியாவிட்டால், அவர்கள் செலவில் உங்களுக்குத் தகுந்த மாற்றிடம் தர வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘கணிசமான ஆபத்து’ என்பது சுவரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அதே பூஞ்சை, தனியாக இருக்கும் திடகாத்திரமான ஆளுக்கு ஒன்று, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு வேறொன்று. ஆகவே ‘பூஞ்சை இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘சின்ன அறை, வெளிச்சுவர், கட்டிலுக்குப் பின்னால், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்புப் பூஞ்சை. நான்கு வயதுப் பிள்ளை இங்கேதான் படுக்கிறான். ஆஸ்துமா, இன்ஹேலர் பாவிக்கிறான்.’ டாக்டர் கடிதம் இருந்தால் இணையுங்கள். அலுமாரியை நகர்த்தி அதன் பின்பக்கத்தையும் படமெடுங்கள். சர்வேயர் வந்து ஈரமானியைச் சுவரில் வைத்தால், என்ன அளவு காட்டியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஜன்னலையும் திறந்து வையுங்கள், சரி. ஆனால் புகைபோக்கி விசிறி வேலை செய்யவில்லை, வெளிச்சுவரில் விரிசல், மழைநீர்க் குழாய் ஒழுகுகிறது என்றால் அதற்கும் உங்கள் ரசத்துக்கும் சம்பந்தமில்லை.

எத்தனையோ தடவை போன் பண்ணிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ‘லாக் பண்ணியாச்சு’ என்கிறார்கள். அப்படியானால் நான் புகார் கொடுத்துவிட்டேன்தானே? – வாசகர், ஈஸ்ட்ஹாம்

இல்லை, பெரும்பாலும் இல்லை. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் அது பழுதுபார்க்கக் கேட்ட வேண்டுகோள். பார்க்க வரவில்லை, வந்தும் சரியாகச் செய்யவில்லை என்று நீங்கள் அதிருப்தி சொல்லும்போதுதான் அது புகார் ஆகிறது. ‘புகார்’ என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் போனுக்கு அப்பால் இருப்பவர் எந்தப் பெட்டியில் டிக் போட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஈமெயிலில், முதல் வரியிலேயே, இது முதல் கட்டப் புகார் என்று எழுதிவிடுங்கள்.

அதற்குப் பிறகு கணக்கு ஓடத் தொடங்கும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆம்புட்ஸ்மனின் புகார் விதிமுறைகளுக்குச் சட்ட பலம் இருக்கிறது. 5 வேலை நாட்களுக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் பதில். பதில் திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம் கேளுங்கள். அங்கேயும் தெரிவிக்க 5 வேலை நாட்கள், பதிலுக்கு 20 வேலை நாட்கள். அதிலும் தீரவில்லையென்றால் நேரே ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. முன்பெல்லாம் எம்.பி. அல்லது கவுன்சிலர் மூலமாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் பலர் அது தெரியாமல் எம்.பி. அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள்.

விஷயம் நடந்து, அல்லது உங்களுக்குத் தெரியவந்து, 12 மாதங்களுக்குள் புகார் கொடுத்துவிடுங்கள். நாள் கடந்தால் ஏற்க மறுக்கலாம். ஆங்கிலம் தடை என்றால் உங்கள் சார்பில் வேறொருவர் பேச விதி இடம் தருகிறது. மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போனில் பேச வைப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். கழிவறை அடைப்பைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளை அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருப்பதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அரசாங்கத்தின் வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையத்துக்கே எழுதினேன். ‘தனிநபர் பிரச்சினையை நாங்கள் தீர்ப்பதில்லை’ என்று பதில் வந்தது. அப்புறம் எதற்கு அப்படியொரு ஆணையம்? – வாசகர், லெஸ்டர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அவர்கள் சொன்னது சரிதான். உங்கள் வீட்டுக் குளியலறை பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆம்புட்ஸ்மன். உங்கள் நிர்வாகம் மொத்தமாக ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது ஆணையம்.

அந்த ஆணையம் முன்பு பெரும்பாலும் நிர்வாகத்தின் பணக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குடியிருப்பவர்களுக்கு மிகப் பெரிய பாதிப்பு என்றால் மட்டுமே அந்தப் பக்கம் தலையிடும். 2017 ஜூன் 14இல் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் மாண்டார்கள். அந்தக் கட்டடத்தின் பாதுகாப்புப் பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருடம் இழுத்து, 2023 ஜூலையில்தான் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து 1,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு கவுன்சிலையும் அசோசியேஷனையும் ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஆணையம் நேரில் சோதிக்கிறது. சி1 முதல் சி4 வரை தரம் போடுகிறது. சி3 என்றால் கடுமையான குறைகள், சி4 என்றால் மிகக் கடுமையான குறைகள். அபராதம் போடவும் அதிகாரம் இருக்கிறது, அதற்கு உச்சவரம்பும் இல்லை.

சி3 வாங்கினால் மறுநாளே உங்கள் வீட்டுக்குத் தச்சர் வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். திட்டம் போடுவார்கள், கூட்டம் போடுவார்கள், மாதங்கள் ஓடும். ஆனால் அந்தத் தீர்ப்பு அரசு இணையதளத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கிடக்கிறது. உங்கள் புகாரில், ‘பழுது வேலைகளில் உங்களுக்குக் குறை இருப்பதாக ஆணையமே சொல்லியிருக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பதிலின் தொனி மாறும்.

ஆணையத்துக்கு எழுதவே கூடாதா என்றால், எழுதலாம். உங்கள் மாடியில் மட்டுமல்ல, கட்டடம் முழுக்கத் தீயணைப்புக் கதவுகள் சாத்துவதில்லை, ஒருவருக்கும் கேஸ் சோதனை நடக்கவில்லை என்கிற மாதிரி விஷயமென்றால் அது அவர்கள் வேலையேதான். கேஸ் சோதனை வருடா வருடம் கட்டாயம். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.

வேலை செய்து தரும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா? – வாசகர், மிச்சம்

வேண்டாம். நிறுத்தினால் கதை உங்கள் பழுதைப் பற்றியதாக இராது, உங்கள் வாடகைப் பாக்கியைப் பற்றியதாகிவிடும்.

புகார் கொடுத்தால் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்று கணவர் பயப்படுகிறார். – வாசகி, வெம்பிளி

தனியார் வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு இந்தப் பயம் இயல்பு. நிரந்தரக் குத்தகையில் இருப்பவரைக் கவுன்சிலோ அசோசியேஷனோ வெளியேற்ற வேண்டுமானால் சட்டத்தில் உள்ள காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். புகார் கொடுத்தார் என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல. உங்களைப் பற்றிக் கோப்பில் என்னதான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் உரிமை உண்டு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் நகல் தர வேண்டும், இலவசம். எந்தத் தேதியில் நீங்கள் போன் செய்தீர்கள், அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வழக்குகளில் குடியிருப்பவருக்குக் கிடைக்கிற நல்ல சாட்சியே அதுதான்.

கோட் சூட் போட்ட ஒருவர் வாசலில் வந்து, பூஞ்சைக்கு நஷ்டஈடு வாங்கித் தருகிறோம், தோற்றால் காசு வேண்டாம் என்று கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? – வாசகர், குரொய்டன்

அந்த வாசற்படியில் வைத்துப் போடாதீர்கள். வழக்கே தப்பு என்று சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி கட்டடத்தின் வெளிப்பகுதி, குழாய், ஹீட்டர் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பது அவர்கள் கடமை. 2019 மார்ச் முதல், வீடு மனிதர் வாழத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சேர்ந்திருக்கிறது. மோசமான பாதிப்புக்கு வழக்கறிஞரிடம் போவது நியாயமே.

பிரச்சினை அந்தத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், கிடைக்கும் தொகையில் அவர்கள் பங்கு எவ்வளவு, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவை யார் ஏற்பது. அத்தோடு வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டால் அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மன் எடுக்க மாட்டார். வழக்கறிஞர் கடிதம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ‘வக்கீல் கடிதம் வந்துவிட்டது, இனி உங்கள் புகாரைப் பார்க்க மாட்டோம்’ என்று நிர்வாகம் சொன்னால் ஏற்காதீர்கள். ஆம்புட்ஸ்மன் பழுதுபார்க்கவும் மன்னிப்புக் கேட்கவும் நஷ்டஈடு தரவும் உத்தரவிட முடியும். முதலில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

இரண்டு படுக்கையறையில் ஐந்து பேர். காத்திருப்போர் பட்டியலில் வருடக்கணக்காக இருக்கிறோம். ஆம்புட்ஸ்மன் உதவுவாரா? – வாசகி, லூட்டன்

கவுன்சில் பட்டியலில் உங்களுக்கு எந்த முன்னுரிமை தந்தார்கள் என்பது வேறொரு ஆம்புட்ஸ்மனின் கையில் இருக்கிறது, உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன். சட்டப்படி ‘நெரிசல்’ என்று நிரூபிப்பதும் எளிதல்ல. அளவுகோல் 1935 காலத்து மரபு. அதில் வரவேற்பறையும் படுக்கும் அறையாகவே கணக்கு, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கிலேயே இல்லை, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை இட அளவில் அரை ஆள். ஆகவே கவுன்சிலின் சொந்த ஒதுக்கீட்டு விதியைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அது பெரும்பாலும் சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கும்.

இன்னொரு வழி பரிமாற்றம், அதாவது வேறொரு குடியிருப்பவரோடு வீட்டை மாற்றிக்கொள்வது. பிள்ளைகள் வளர்ந்து போய் பெரிய வீட்டில் தனியாக இருப்பவர்கள் சிறிய வீடு தேடுகிறார்கள். உங்களுடையது நிரந்தரக் கவுன்சில் குத்தகை என்றால், பரிமாற்ற விண்ணப்பத்துக்கு 42 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், சட்டத்தில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே மறுக்கலாம். வாடகைப் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டி முடியுங்கள்.

சர்வே என்று போன் வருகிறது, திருப்தியா என்று கேட்கிறார்கள். விற்பனை அழைப்பா? – வாசகர், சவுத்ஹால்

இல்லை, அது ஆணையம் கட்டாயமாக்கியது. மொத்தம் 22 அளவீடுகள், அதில் 12 குடியிருப்பவர்களிடம் கேட்டே பெறுகிறார்கள், முடிவை வெளியிடவும் வேண்டும். நம்மவர்கள் மரியாதைக்கு ‘எல்லாம் ஓகே’ என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். கூரை ஒழுகினால் ஒழுகுகிறது என்றே சொல்லுங்கள். ஆனால் அந்தப் போனில் சொன்னது புகார் கொடுத்ததாக ஆகாது, அதைத் தனியே எழுதுங்கள்.

கவுன்சில் பிளாட்டை விலைக்கு வாங்கிவிட்டோம். அவாப் சட்டம் எங்களுக்கும் உண்டா? – வாசகர், டூட்டிங்

பிளாட்டை வாங்கியதால் நீங்கள் இப்போது நீண்டகாலக் குத்தகையாளர். அவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் கட்டட வேலைக்கு உங்கள் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்கூட்டியே உங்களிடம் கலந்தாலோசிக்க வேண்டும். சேவைக் கட்டணம் நியாயமா என்பதைத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

அம்மா கிளாஸ்கோவில் இருக்கிறார். இதெல்லாம் அங்கும் பொருந்துமா? – வாசகி, மில்டன் கீன்ஸ்

பொருந்தாது. ஸ்காட்லாந்துக்குத் தனி வீட்டுவசதி ஆணையம். நிர்வாகத்தின் புகார் கட்டங்கள் முடிந்தபின் ஸ்காட்லாந்துப் பொதுச்சேவை ஆம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். வேல்ஸ், வட அயர்லாந்து இரண்டுக்கும் அவரவர் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார்கள்.