லியூபோ என்ற சீனப் பலகை விளையாட்டு நிஜமாகவே இருந்ததா? என்ன ஆதாரம்?

ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் விதிகளுக்குத்தான்.

முதலில் மண்ணுக்கடியில் கிடைத்தவை. ஹூனான் மாகாணம் சாங்ஷா நகரில் உள்ள மாவாங்துய் 3ஆம் கல்லறை கி.மு. 168இல் மூடப்பட்டது. 1973இல் அதைத் தோண்டியபோது, அரக்குப் பூசிய பெட்டிக்குள் முழு விளையாட்டுத் தொகுதியே இருந்தது: பலகை, கறுப்பில் 6 வெள்ளையில் 6 என 12 தந்தக் காய்கள், அவற்றைவிடச் சிறிய 20 காய்கள், கணக்கு வைக்கும் தந்தக் குச்சிகள், 18 முகங்கள் கொண்ட ஒரு பகடை. வேறு கல்லறைகளில் பகடைக்குப் பதில் 6 மூங்கில் பிளாச்சுகள் இருக்கின்றன. ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. புளியங்கொட்டையை ஒருபக்கம் தேய்த்துத் தாயம் ஆடியவர்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கிக் கூச்சலிடும் ஆட்டக்காரர்களின் சுடுமண் பொம்மைகளும் ஹான் பேரரசுக் காலக் (கி.மு. 206 – கி.பி. 220) கல்லறைகளில் நிறையக் கிடைத்துள்ளன.

நூல்களுக்கும் குறைவில்லை. வயிறாரத் தின்றுவிட்டு நாளெல்லாம் சும்மா இருப்பதற்கு இதையாவது ஆடலாம் என்கிறார் கன்ஃபூசியஸ். பாராட்டு மாதிரி தெரியவில்லை! ஹான் கால வரலாற்றாசிரியர் சீமா சியானின் நூலில் ஒரு கொலையே வருகிறது. பின்னாளில் ஜிங் பேரரசரான பட்டத்து இளவரசர், ஆட்டத்தில் மூண்ட சண்டையில் வூ நாட்டு இளவரசனைப் பலகையாலேயே அடித்துக் கொன்றுவிட்டார். மகனை இழந்த வூ மன்னர் மனதில் வைத்திருந்த வஞ்சம், கி.மு. 154இல் பேரரசுக்குக் கீழிருந்த ஏழு நாடுகள் செய்த கலகத்துக்கு ஒரு காரணம்.

ஆனால் என்னைக் கேட்டால் இவை எதையும்விட வலுவான சான்று ஒரு மரப்பலகைதான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது.

'சீஜிங் ட்ஸாஜி' என்ற பழைய தொகுப்பு நூலில், சூ போசாங் என்ற ஆட்டக்காரர் காய் நகர்த்தும் வழியை மனப்பாடப் பாட்டாக்கியதாக ஒரு குறிப்பு உண்டு. பாட்டு முழுக்கப் பலகையிலுள்ள இடங்களின் பெயர்கள். நூல் பின்னாளில் சேர்த்துக் கட்டியது என்ற சந்தேகம் இருந்ததால், பாட்டையும் யாரும் முழுதாக நம்பவில்லை. 1993இல் ஜியாங்சு மாகாணம் யின்வானில், கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த கல்லறையில் அந்த மரப்பலகை கிடைத்தது. அதில் லியூபோ கட்டம் வரைந்து, கோடுகளை ஒட்டிச் சீன நாட்காட்டியின் 60 நாள் சுழற்சியில் வரும் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். கீழே கல்யாணம், பயணம் போனவர், சிறையில் இருப்பவர், நோயாளி, தப்பி ஓடியவர் என்று குறி பார்க்கும் பலன்கள். அந்தப் பலன்களுக்கு மேலே தலைப்பாக நிற்பவை, பாட்டில் வரும் அதே ஒன்பது இடப்பெயர்கள்தான் (ஓரிரு எழுத்து வேறுபாடு உண்டு). ஒன்றையொன்று பார்த்து எழுத வழியே இல்லாத இரண்டு சாட்சிகள் ஒத்துப்போகின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஹான் கால வெண்கல முகக்கண்ணாடிகளின் பின்புறத்திலும் இதே கட்டம் வரும். கோடுகள் T, L, V எழுத்துகளைப் போல இருப்பதால் மேலைநாட்டினர் அதை 'டி-எல்-வி' கோலம் என்று அழைத்து, அது என்ன என்று வெகுநாள் விவாதித்தார்கள். ஹான் ஆட்சியைப் பறித்துக்கொண்ட வாங் மாங் காலக் கண்ணாடி ஒன்றின் பொறிப்பே பதில் சொல்லிவிட்டது: தீமையை விரட்ட லியூபோ கட்டம் செதுக்கப்பட்டதாம்.

சரி, எப்படி ஆடினார்கள்? 'லியேட்ஸி' என்ற தாவோயிச நூலுக்கு 4ஆம் நூற்றாண்டில் ஜாங் ஜான் எழுதிய உரையில் ஒரு பழைய மேற்கோள் இருக்கிறது: நடுவில் 'நீர்', அதில் இரண்டு 'மீன்'கள், ஒரு காய் உரிய இடத்தை அடைந்தால் நிமிர்ந்து நின்று மீனைப் பிடிக்கும். ஹேனான் மாகாணம் லிங்பாவோவில் கிடைத்த சுடுமண் பலகையின் நடுவிலும் இரண்டு வட்டக் காய்கள் உள்ளன. ஆனால் ஒரு முழு ஆட்டத்தை நடத்த இந்த மேற்கோள் போதாது. இணையத்தில் 'லியூபோ விதிகள்' என்று வருபவை எல்லாம் இன்றைய ஆய்வாளர்களின் மீட்டுருவாக்கம்.

நான்சாங் அருகே, 27 நாள் மட்டும் ஹான் பேரரசராக இருந்து கி.மு. 59இல் இறந்த லியூ ஹேயின் கல்லறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லியூபோ மூங்கில் ஓலைகள் கிடைத்துள்ளன. பச்சைக் காய் எங்கே போனது, வெள்ளைக் காய் எங்கே போனது என்று வரிசையாக எழுதி, ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் 'பச்சை வெல்லவில்லை' அல்லது 'வெள்ளை வெல்லவில்லை' என்று குறித்திருக்கிறார்கள். ஏன் வெல்லவில்லை என்பதைத்தான் இப்போது கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.