ராச்சாப்பாடும் ஒத்தச் சட்டியும்: டீச்சரிட்ட கேட்ட கேள்விகள்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதி. மனைப்பொருளியல் படிப்பிச்சு பென்ஷன் எடுத்த ஆள். வேலையால வந்து ராவைக்கு சுறுக்கா என்ன சமைக்கிற, சமைச்சி சாப்பிட்டுட்டு பத்து மணி வரைக்கும் சட்டி கழுவாம இருக்க என்ன வழி எண்டு நிறையப் பேர் கேட்டிருக்கீங்க, ஒண்டொண்டா சொல்லுறன். அதுக்கு முதல் ஒரு விசயம். நாம எல்லாரும் "இண்டைக்கு என்ன கறி" எண்டுதான் யோசிக்கிற. சோறு, பருப்பு, மீன்கறி, சுண்டல், பொரியல் எண்டா அதுவே அஞ்சு சட்டி, அதோட அகப்பைகள், பால் பிழிஞ்ச சட்டி, வடி, வீட்டுல எத்தினை பேரோ அத்தினை பீங்கான். கறியை யோசிக்க முன்னம் எத்தினை சட்டி எண்டத யோசிங்க. நான் சொல்லுற எல்லாம் இதுக்குள்ளதான் வரும்.

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தங்கச்சி: டீச்சர், பஸ்ஸில வந்து இறங்கவே ஆறரை. புள்ளைகளுக்கு ஏழரைக்கு சாப்பாடு குடுக்கணும். ஒரு சட்டியில முடியிற மாதிரி, ஆனா சத்தா ஏதாவது இருக்கா?

பதில்: பருப்புச்சோறு போடுங்க மகள். ரெண்டு கப் சம்பா, அரைக் கப் மைசூர்ப் பருப்பு, ரெண்டையும் ஒண்டாக் கழுவுங்க. ரைஸ் குக்கர்ல போட்டு, சின்னதா வெட்டின கரட், போஞ்சி, பூசணித் துண்டு, நாலு பல்லு உள்ளி, ஒரு பச்ச கொச்சிக்கா, றம்பை இலைத் துண்டு ஒண்டு, மஞ்சள் கொஞ்சம், உப்பு, அதே கப்பால நாலரைக் கப் தண்ணி. மூடி விடுங்க. நீங்க குளிச்சிட்டு வர அது வெந்திருக்கும். கடைசியில அரைக் கப் தேங்காயிட முதல் பால் ஊத்தி ஒரு கிளறு கிளறி பத்து நிமிசம் மூடி வைங்க, அவ்வளவுதான். அரிசியும் பருப்பும் சேர்ந்தா ஒண்டுல குறையிற புரதத்த மத்தது நிரப்பும், அதனால இறைச்சி மீன் இல்லாட்டியும் ஒரு நாளைக்கு புள்ளைகளுக்குக் காணும். பக்கத்துல ஒரு அப்பளமோ, வெங்காயம் தேசிக்காய் போட்ட தக்காளிச் சம்பலோ வைங்க. கழுவுறதுக்கு குக்கர் சட்டி ஒண்டும் கோப்பைகளும்தான்.

கல்லடியில இருந்து: நான் பால் ஊத்தி சோறு போட்டா குக்கர் பாதியில டக்கெண்டு நிண்டிடுது, அடியும் பிடிக்குது. குக்கர் பழுதா?

பதில்: குக்கர்ல பிழை இல்ல. தண்ணி இருக்கிற மட்டும் சட்டியிட அடி நூறு பாகைக்கு மேல பெருசா ஏறாது. தண்ணி எல்லாத்தையும் சோறு இழுத்த உடன சூடு ஏறும், அந்த ஏத்தத்த உணர்ந்துதான் கீழ இருக்கிற காந்தம் விட்டு ஸ்விச் விழுகிற. கெட்டிப்பால முதல்லயே ஊத்தினா அது அடியில படிஞ்சி, மேல தண்ணி இருக்கத்தக்கதா அடி மட்டும் சூடாகும், குக்கர் சோறு வெந்திட்டுது எண்டு நினைச்சி நிண்டிடும். அதனால பால் கடைசிக்குத்தான். ஆரம்பத்துலயே பால் வேணும் எண்டா தண்ணிப்பாலா விடுங்க. அடி பிடிச்சாலும் கம்பிப் பொச்சால தேய்க்காதீங்க கா, பூச்சு போயிடும். தண்ணி ஊத்தி, மூடி, நீங்க சாப்பிடுற நேரம் ஊற விடுங்க, தானாக் கழண்டு வரும்.

அக்கரைப்பற்றுல இருந்து ஒரு சகோதரி: எங்கட வீட்டுல உம்மா, வாப்பா, நானா குடும்பம் எல்லாமா ஒம்பது பேர். ஆணம் (கறி) ரெண்டு மூணு இல்லாட்டி வாப்பாக்கு சாப்பிட்ட மாதிரி இல்ல. கழுவுறது நானும் மதினியும் மட்டும்தான்.

பதில்: பெரிய வீட்டுக்கு நான் சொல்லுற வழி உங்கட பழக்கத்துலயே இருக்கு. கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் சஹன்ல, அதான் அந்தப் பெரிய தட்டுல, கூடி இருந்து சாப்பிடுற நீங்கதானே. வார நாளும் ஆம்புளைகளுக்கு ஒண்டு, பொம்புளைகளுக்கும் புள்ளைகளுக்கும் ஒண்டு எண்டு ரெண்டு சஹன் வைங்க, ஒம்பது பீங்கான் ரெண்டாக் குறையும். நான் ஒரு வீட்டுல இப்படி இருந்து சாப்பிட்டிருக்கன், சின்னப் புள்ளைகள் கூட கதைச்சிக் கதைச்சி வழமைய விட நல்லாச் சாப்பிட்டதுகள். ஆணம் மூணு வேணும் எண்டா ஒண்டு அடுப்பில வைக்காததா இருக்கட்டும், வெள்ளரிக்காய்க்கு தயிர் விட்டது, இல்லாட்டி வல்லாரைச் சம்பல். அடுத்தது கோழி ஆணத்துக்குள்ளேயே உருளைக்கிழங்கையும் போட்டிருங்க, தனியா ஒரு கிழங்கு ஆணம் எதுக்கு. வாப்பாக்கு எண்ணிக்கை குறைஞ்சது தெரியாது.

திருக்கோவில்ல இருந்து: கடல் பக்கத்துல இருந்துகொண்டு ராவைக்கு மீன் இல்லாம ஏலாது. ஆனா செதில், குடல், நாத்தம், சட்டி எண்டு ஒரு மணித்தியாலம் போகுது.

பதில்: மீன் வெட்டுறத வாங்குற இடத்துலயே முடிச்சிட்டு வாங்க, காசு குடுத்தா வெட்டித் தருவாங்க, அந்தக் காசு வீண் இல்ல. வீட்டுல சொதிதான் சுகம். ஒரு சட்டியில வெங்காயம், கொச்சிக்கா, வெந்தயம் கொஞ்சம், மஞ்சள், தண்ணிப்பால் எல்லாம் கொதிக்க வச்சி, மீனப் போட்டு, வெந்த பிறகு கெட்டிப்பால் விட்டு இறக்கி தேசிக்காய் பிழியிற. தாளிக்கத் தேவையில்ல, பொரிக்கத் தேவையில்ல, அடுப்படிச் சுவர்ல எண்ணெய் தெறிக்காது. இடியப்பத்தக் கடையில வாங்குங்க, அதுல ஒரு வெட்கமும் இல்ல.

நாத்தத்துக்கு, கைய முதல்ல பச்சத்தண்ணியால கழுவி பிறகு தேசிக்காய்த் தோலால உரசுங்க. மீன் மணத்துக்குக் காரணமான பொருளத் தேசிக்காய்ப் புளி கட்டிப்போடும்.

இதைச் சொல்லாம விட ஏலாது, கொஞ்சம் கவனமாக் கேளுங்க. சூரை, கெளவல்லை மாதிரி மீன ஐஸ் இல்லாம வெயில்ல கிடக்கவிட்டா அதுக்குள்ள ஹிஸ்டமின் எண்ட ஒண்டு கூடும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும், ஆக்கள் அலர்ஜி எண்டு நினைப்பாங்க. பின்னேரம் வேலையால வரக்குள்ள வாங்குற மீன் காலையில இருந்து எப்படிக் கிடந்தது எண்டு பாத்து வாங்குங்க, ஐஸ்ல இல்லாட்டி அண்டைக்கு முட்டை போதும். மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்தா வீட்டுல வச்சிப் பாக்காம உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அம்பாறை டவுன்ல போடிங்ல இருக்கிற ஒரு தம்பி: மிஸ், என்னட்ட இருக்கிறது ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு கோப்பை, ஒரு கரண்டி. கடைச் சாப்பாடு சாப்பிட்டு வயிறு சரியில்ல.

பதில்: மனே, உங்களுக்குத்தான் ஆக லேசு. அரிசி கழுவி தண்ணி வச்சி, மேல ரெண்டு முட்டைய ஓட்டோட நல்லாக் கழுவிட்டு வைங்க, சோறு வேக முட்டையும் அவியும். பயத்தங்காயோ கீரையோ வெட்டி கடைசிப் பத்து நிமிசத்துக்கு சோத்துக்கு மேல பரப்பி மூடுங்க. எங்கட பக்கத்துத் தயிர் ஒரு சட்டி வாங்கி வைங்க, வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை எருமைத் தயிர் எண்டா கரண்டியால வெட்டி எடுக்கலாம். சோறு, முட்டை, கீரை, தயிர், ஒரு வெங்காயம். இதைவிட என்ன வேணும். சாப்பிட்ட உடன கழுவிப் போடுங்க, காய விட்டா சோத்துப்பசை சீமெந்து மாதிரி.

செட்டிபாளையத்துல இருந்து: வெள்ளிக்கிழமையும் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கிற நாள்லயும் மீன் இறைச்சி மாதிரி மச்சம் இல்ல. மரக்கறிக்கு சட்டியும் வேற. ராவைக்கு என்ன செய்யிற?

பதில்: புட்டு. புட்டுப்பானைக்குள்ள வெறும் தண்ணிதான், அலசி விட்டாக் காணும். மாக் குழைக்கிற சட்டியிலேயே அவிச்ச புட்டக் கொட்டி தேங்காப்பூவும் போட்டு மேசையில வைங்க. தொட்டுக்கொள்ள வாழைப்பழமும் தயிரும் சீனியும். மச்சம் சாப்பிடுற நாள்ல எண்டா கீழ கொதிக்கிற தண்ணிக்குள்ள முட்டையப் போடுங்க, ஒரே நெருப்புல ரெண்டும் முடியும். 2022-ல காஸ் இல்லாம வரிசையில நிண்ட காலத்துல நான் இப்படித்தான் சமாளிச்சன், இப்பவும் விடயில்ல.

வாழைச்சேனையில இருந்து: ராச்சோறு மிஞ்சினா காலைக்கு வைக்கலாமா? பழஞ்சோறு நல்லமெண்டு அம்மம்மா சொல்லுறா.

பதில்: அம்மம்மா சொல்லுறது தண்ணி ஊத்தி வச்ச சோறு. நீங்க குக்கர்ல நிப்பாட்டிப்போட்டு அப்படியே விடுற சோறு வேற. சோத்துல ஒரு கிருமி, பசிலஸ் சீரியஸ், அதுட வித்து கொதிச்சாலும் சாகாது. எங்கட ஊர்ப் புழுக்கத்துல அது பெருகி நஞ்ச விட்டா சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பரப்பி ஆறவிட்டு பிரிட்ஜில வைங்க, அடுத்த நாள் ஆவி பறக்க சூடாக்கி ஒரு தரத்தோட முடிங்க. பழஞ்சோறு எண்டா கொதிச்சாறின தண்ணி ஊத்தி மூடி வைக்கணும். வழுவழுப்போ கெட்ட மணமோ இருந்தா கொட்டுங்க. கைக்குழந்தைக்கும் வருத்தக்காரருக்கும் குடுக்க வேணாம்.

ஏறாவூர்ல இருந்து: அடி கருகின சட்டிய எப்படி எடுக்கிற?

பதில்: தண்ணியும் ரெண்டு தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டுக் கொதிக்க வச்சி ஆற விடுங்க. அலுமினியச் சட்டிக்கு சோடா போடாதீங்க, கறுத்துப்போகும். அதுக்கு தேசிக்காய்த் தோலப் போட்டுக் கொதிக்க வைங்க. முட்டை பிடிச்ச சட்டிக்கு மட்டும் பச்சத்தண்ணி, சுடுதண்ணி ஊத்தினா முட்டை இன்னும் இறுகும்.

பேர் சொல்ல விரும்பாத ஒரு அம்மா: டீச்சர், நீங்க சொல்லுறதெல்லாம் சரி. சட்டி குறைஞ்சாலும் கழுவுறது நான் ஒராள்தான். அவரும் ரெண்டு மகன்மாரும் சாப்பிட்டுட்டு கோப்பைய மேசையில விட்டுட்டு எழும்பிப் போறாங்க.

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனசு கனக்குது கா, ஏனெண்டா நானும் அப்படித்தான் இருந்தன். நாள் முழுக்க வகுப்பில நிண்டுட்டு வந்து ராப் பதினொரு மணிக்கு கிணத்தடியில குந்தி இருந்து சட்டி தேய்ச்சிருக்கன். ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தன், எழும்பி வந்து பாத்தா மூணு நாள் சட்டி அப்படியே கிடந்தது. அண்டைக்குத்தான் எல்லாரையும் இருத்திச் சொன்னன், அவரவர் கோப்பைய அவரவர் கழுவுற, சமைச்ச ஆள் சட்டி கழுவுறதில்ல. முதல் ரெண்டு கிழமை மகன் கழுவின கோப்பையில எண்ணெய் இருக்கும், அவனுக்குத் தெரியாம நான் திருப்பிக் கழுவினன், அது நான் விட்ட பிழை. நீங்க அதைச் செய்யாதீங்க. எண்ணெய்க் கோப்பையில அடுத்த நாள் அவனே சாப்பிடட்டும். சண்டை பிடிக்காம, சாப்பிட முன்னமே சொல்லுங்க, சாப்பிட்டு வயிறு நிரம்பின பிறகு சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டாங்க. இப்ப என்ட மகன் அவன்ட வீட்டுல மருமகள் சமைச்சா தானே போய் சட்டி தேய்க்கிறான்.

மண்டூர்ல இருந்து கடைசிக் கேள்வி: தயிர்ச்சட்டிகள் வீட்டுல குவிஞ்சி கிடக்கு. அதுல சொதி வைக்கலாமா?

பதில்: அடுப்பில வைக்காதீங்க. நான் ஒரு தரம் வச்சி அது வெடிச்சி சொதி முழுக்க அடுப்புக்குள்ள போனது. உப்பு, உள்ளி போட்டு வைக்கலாம், கொச்சிக்கா கண்டு நடலாம். அடியில ஒரு ஓட்டை மட்டும் போட்டுக்கொள்ளுங்க, தண்ணி வடியட்டும்.