மூன்று பயன்பாடுகளுக்கு முன்னால் எந்த லோட் பேலன்சர்?

ஒரு பிஎச்பி தளம், ஒரு ஜாவா பயன்பாடு, ஒரு நோட் ஏபிஐ ஆகியவை தலா இரண்டு சர்வர்களில் ஓடுகின்றன, இவற்றுக்கு முன்னால் லோட் பேலன்சராக, அதாவது வரும் கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் மென்பொருளாக, அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், எச்ஏபிராக்சி ஆகிய மூன்றில் எதை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆறு சர்வர்களுக்கு மூன்றுமே தாங்கும். பின்னால் இருக்கும் சர்வர் செயலிழந்ததை எது எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஜாவா பயன்பாடு நினைவகம் நிரம்பி உறைந்து நின்றபோதும் அதன் போர்ட் (இணைப்புகளை ஏற்கும் வாயில்) திறந்தே இருந்ததால், இணைப்பு கிடைத்தது, பதில் மட்டும் வரவில்லை. கட்டணமில்லாத என்ஜின்எக்ஸ் தானாகச் சென்று சர்வரின் நலம் விசாரிப்பதில்லை. பயனரின் கோரிக்கை தோற்றால்தான் அதற்குத் தெரியும். பதிலுக்காக அது காத்திருக்கும் இயல்பான நேரம் 60 நொடி. அதன்பின் அந்தச் சர்வரை 10 நொடி ஒதுக்கி வைத்து, மீண்டும் அதற்கே ஒரு பயனரை அனுப்பிப் பார்க்கிறது. படிவம் போன்ற தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையாக இருந்தால், அனுப்பிய பிறகு அடுத்த சர்வரிடம் மாற்றுவதும் இல்லை. பயனருக்குப் பிழைப் பக்கம்தான். பகிர்வு நினைவகத்துக்கான 'ஜோன்' வரியை அமைப்புக் கோப்பில் எழுத மறந்தால், என்ஜின்எக்ஸின் ஒவ்வொரு வொர்க்கரும் (கோரிக்கைகளைக் கையாளும் செயல்முறையும்) தனித்தனியே இந்தப் பாடத்தைக் கற்க வேண்டியிருக்கும்.

எச்ஏபிராக்சியில் நலச் சோதனையை இயக்கிவிட்டால், இயல்பாக 2 நொடிக்கு ஒருமுறை சோதித்து, தொடர்ந்து 3 முறை தோற்றால் அந்தச் சர்வரை விலக்கிவிடுகிறது. ஆனால் வெறும் போர்ட் சோதனை எங்கள் சிக்கலைப் பிடித்திருக்காது. எச்டிடிபி சோதனையாக, தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்க்கும் ஒரு முகவரிக்கு அதை அமைக்க வேண்டும்.

செஷன் விஷயத்திலும், அதாவது உள்நுழைந்த பயனரின் நிலையைத் தொடர்ந்து காப்பதிலும், எனக்கு எச்ஏபிராக்சியே பிடித்திருக்கிறது, ஏனெனில் அது குக்கீ வைத்து ஒரு பயனரை ஒரே சர்வரில் நிறுத்துகிறது. என்ஜின்எக்ஸின் ஐபி ஹாஷ் முறை பயனரின் ஐபி முகவரியை (ஐபிவி4 என்றால் அதன் முதல் மூன்று எண்களை மட்டும்) வைத்தே சர்வரைத் தேர்வதால், ஒரே இணைய இணைப்பில் இருக்கும் அலுவலகம் முழுவதும் ஒரு சர்வரின் தலையில் விழும்.

எச்ஏபிராக்சி வட்டிலிருந்து கோப்புகளை வழங்காது. ஆகவே அதை முன்னால் வைத்து, பிஎச்பி தளத்தின் படங்களுக்கும் பிற கோப்புகளுக்கும் பின்னால் என்ஜின்எக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அப்பாச்சி ஓடுகிறது, அதைத் தொட மனமில்லை என்றால், 2.4.21 பதிப்பிலிருந்து அதிலும் நலச் சோதனைக்கான தொகுதி உண்டு.

எதைத் தேர்ந்தாலும், நேரலைக்கு முன் ஒரு ஜாவா செயல்முறைக்கு 'கில்' கட்டளையால் ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வையுங்கள். பிறகு பிரவுசரில் பக்கத்தைத் திறந்து, எத்தனை நொடியில் பதில் வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.