ஒரு மேஜையும் ஏழு கையெழுத்தும்

அண்ணா, வணக்கம்.

போன வாரக் கட்டுரையில், விக்டோரியா ராணி காலத்து லிவர்பூலில் கடல் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்க ஒரு மேஜை இருந்தால் போதும் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் பதினெட்டு வருஷமாக வங்கியில் வேலை பார்க்கிறேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒரு கப்பல் மூழ்கினால் லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டுமே, மேஜையை விற்றா கொடுப்பார்கள்? லாயிட்ஸ் என்று ஏற்கெனவே ஒரு பெரிய இடம் இருக்கும்போது புதுக் கம்பெனியிடம் யார் வருவார்கள்? இன்னொன்று, இது சூதாட்டம் இல்லையா? கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

சரவணன், நாகர்கோவில்

அன்புள்ள சரவணன்,

மேஜை கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1862 கம்பெனிச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு கம்பெனி பிறந்துவிடும். அதற்கு முன் 1855-ல் வந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் (கம்பெனி கவிழ்ந்தால் பங்குதாரர் தன் பங்கின் மதிப்பு வரைதான் பொறுப்பு என்பது) இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை வெளியே நிறுத்தி வைத்திருந்தது, 1862-ல்தான் அவர்களுக்கும் கதவு திறந்தது. லைசென்ஸ் கிடையாது, மேற்பார்வை அதிகாரி கிடையாது, அரசிடம் கட்ட வேண்டிய டெபாசிட் கிடையாது. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் சில மோசமாகக் கவிழ்ந்த பிறகு 1870-ல் சட்டம் போட்டு, புதிதாக வருகிறவர்கள் 20,000 பவுண்டு கட்ட வேண்டும் என்றார்கள். அது ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும். கடல் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வியாபாரிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள், விதவைகளும் அநாதைகளும் அங்கே வரமாட்டார்கள் என்பது அன்றைய எண்ணம்.

லாயிட்ஸ் இருக்கும்போது ஏன் புதுக் கம்பெனி என்று கேட்டிருக்கிறீர்கள். லாயிட்ஸ் கம்பெனியே இல்லை. காப்பிக் கடையில் தொடங்கிய சந்தை அது. அங்கே பாலிசியில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் தனி ஆள், தன் சொத்துக்குத் தானே பொறுப்பு. 1720-ல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் கடனை அடைக்க ஆளுக்கு 3 லட்சம் பவுண்டு தருவதாகச் சொல்லி ராயல் எக்ஸ்சேஞ்ச், லண்டன் என்ற இரண்டு அஷ்யூரன்ஸ் கம்பெனிகள் ஏகபோக உரிமை வாங்கின. (அதே ஆண்டு சவுத் சீ குமிழி, அதாவது சவுத் சீ கம்பெனியின் பங்கு விலை ஏறி ஏறிச் சரிந்த கதை, வெடித்ததில் சொன்ன பணத்தைக் கட்ட முடியாமல் பாதியைத் தள்ளுபடி வாங்கியது தனிக் கதை.) வேறு எந்தக் கம்பெனியும் கூட்டுத் தொழிலும் கடல் இன்ஷூரன்ஸில் இறங்கக்கூடாது, தனி ஆட்கள் இறங்கலாம் என்பது ஏற்பாடு. இதில் உண்மையான லாபம் லாயிட்ஸுக்குத்தான். உரிமையை வாங்கிய இருவரும் பயந்து பயந்து தொழில் செய்ய, போட்டிக்கு மூன்றாவது கம்பெனி வர முடியாத சந்தையில் காப்பிக்கடைக்காரர்கள் நூறு வருஷம் கொழித்தார்கள். 1824-ல் லண்டன் பணப்புள்ளிகளான நேதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் அலையன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி நாடாளுமன்றத்தில் அழுத்தம் கொடுத்தபோதுதான் அந்தப் பூட்டு உடைந்தது. உடைந்த கையோடு கம்பெனியின் பங்குதாரர் ஒருவரே கோர்ட்டுக்குப் போய், தீ, ஆயுள் காப்பீடு என்று சொல்லித்தானே என்னிடம் பணம் வாங்கினீர்கள், கடலில் எப்படி இறங்கலாம் என்று தடை வாங்கிவிட்டார். அதனால் அலையன்ஸ் மெரைன் என்று தனியாக இன்னொரு கம்பெனியே தொடங்க வேண்டியிருந்தது.

ராணி பட்டத்துக்கு வந்தது 1837. கம்பெனிகளின் பெரிய அலை 1860-ஐ ஒட்டி வந்தது. லிவர்பூலில் 1860-ல் தேம்ஸ் அண்ட் மெர்சி, 1863-ல் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின், யூனியன் மெரைன். முதல் பெயரைப் பாருங்கள், லண்டன் நதியும் லிவர்பூல் நதியும் ஒரே பலகையில். லிவர்பூல்காரனுக்கு லண்டன் மேல் எப்போதுமே ஒரு எரிச்சல் உண்டு. பருத்தி வருவது என் துறைமுகத்துக்கு, பாலிசி வாங்க மட்டும் நான் லண்டனுக்கு ஓட வேண்டுமா என்று.

இப்போது உங்கள் வங்கி மூளைக்கு வேலை. ஒரு கம்பெனி 20 பவுண்டு முகமதிப்பில் 50,000 பங்கு வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் 10 லட்சம் பவுண்டு மூலதனம் என்று எழுதலாம். ஆனால் பங்குக்கு 2 பவுண்டுதான் கட்டச் சொல்வார்கள். கையில் வருவது 1 லட்சம். மீதி 18 பவுண்டு பங்குதாரரின் பையிலேயே இருக்கும், கம்பெனிக்கு ஆபத்து வந்தால் கேட்டு வாங்கலாம். கம்பெனியின் உண்மையான பெட்டகம் அதுதான். எனவே பங்கு யார் கையில் இருக்கிறது என்பதில் டைரக்டர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள், கேட்டாலும் கொடுக்க வக்கில்லாத ஒருவருக்குப் பங்கை மாற்ற முயன்றால் மறுத்துவிடும் உரிமையைக் கையில் வைத்திருந்தார்கள். பங்கு ஒதுக்கும்போதே பருத்தி வியாபாரி, கப்பல் முதலாளி, சர்க்கரை இறக்குமதி செய்கிறவர் என்று பார்த்துக் கொடுப்பார்கள். பணமும் வரும், அவர்களுடைய சரக்குக்கான பிரீமியமும் வரும். வாடிக்கையாளரே முதலாளி. நம் ஊர்ச் சீட்டில் சேர்கிறவர்களே சீட்டுக்குப் பணமாக இருப்பதைப்போல என்று சொல்ல வந்தேன், ஆனால் சீட்டில் கப்பல் மூழ்காது.

அப்புறம் முக்கியமான ஆள். எந்தக் கப்பலை, எவ்வளவுக்கு, என்ன பிரீமியத்தில் ஏற்பது என்று முடிவு செய்கிறவர்தான் அண்டர்ரைட்டர். பெயருள்ள ஒருவர் கிடைக்காவிட்டால் மூலதனம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை. புரோக்கர் ஒரு சிறு சீட்டில் கப்பல் பெயர், பயணம், தொகை, விகிதம் எழுதி எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவார். அண்டர்ரைட்டர் பார்த்து, நான் இவ்வளவு ஏற்கிறேன் என்று எழுதி முதலெழுத்துப் போடுவார். மதிப்புள்ள ஒருவர் முதலில் போட்டுவிட்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். முத்திரைத்தாள் சட்டப்படி அந்தச் சீட்டு கோர்ட்டில் செல்லாது, ஆனால் போட்ட கையெழுத்தை மறுத்தவர் மறுநாள் அந்தச் சந்தையில் தலைகாட்ட முடியாது. லாயிட்ஸில் தனி ஆள் சில நூறு பவுண்டு ஏற்கும் இடத்தில் கம்பெனி சில ஆயிரங்களை ஒரே கையெழுத்தில் ஏற்கும். புரோக்கருக்கு நடை மிச்சம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, உண்மையைச் சொன்னால், அந்த நடைதான் பதில்.

லட்சங்களை எப்படிக் கொடுப்பார்கள் என்றால், ஒரே கப்பலில் லட்சம் ஏற்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்வது சுலபம். காலையில் ஒரு வியாபாரியின் பருத்தி, மதியம் இன்னொருவரின் கம்பளி, மாலையில் கப்பலின் உடல் என்று மூன்று சீட்டு வரும், மூன்றும் ஒரே கப்பல். அதற்காகக் கப்பல் பெயர்வாரியாக ஒரு பேரேடு வைத்து, ஒவ்வொரு சீட்டையும் குமாஸ்தா அதில் ஏற்றுவார். அந்தக் குமாஸ்தா ஒருநாள் தூங்கிவிட்டால் கம்பெனி காலி. 1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்ற நீராவிக் கப்பல், ஊர் சேர ஒருநாள்கூட இல்லாத தூரத்தில், வேல்ஸை ஒட்டிய ஆங்கிள்சி தீவுப் பாறையில் மோதி நொறுங்கியது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இன்ஷூர் செய்த தங்கம் மட்டும் சுமார் 3,22,000 பவுண்டு. அதே புயலில் 133 கப்பல்கள் மூழ்கின. கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கும் என்று கணக்குப் போட்டவனுக்கு அப்படி ஒரு ராத்திரி. இதற்கு அடுத்த ஆண்டுதான் தேம்ஸ் அண்ட் மெர்சி தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு அந்த டைரக்டர்கள் மேல் ஒரு மரியாதையே வருகிறது.

ஆனால் புதுக் கம்பெனிகள் பலவற்றைக் கவிழ்த்தது புயல் இல்லை, முதல் வருஷக் கணக்கு. இதை வங்கிக்காரரான உங்களுக்கு நீட்டிச் சொல்லியே ஆக வேண்டும். பிரீமியம் இன்று எழுதப்படுகிறது. கப்பல் கல்கத்தாவிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மூன்று நாலு மாசம், சூயஸ் கால்வாய் 1869 வரை கிடையாது. வழியில் புயலில் கப்பலைக் காப்பாற்றப் பாதிச் சரக்கைக் கடலில் எறிந்திருந்தால் அந்த நஷ்டத்தைக் கப்பல்காரர், மற்ற சரக்குக்காரர்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். யார் எவ்வளவு என்பதில் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு வழக்கம், ஒரு பொது விதி உண்டாக்க 1864-ல் யார்க் நகரத்தில் கூடினார்கள், 1877-ல் ஆண்ட்வெர்ப்பில் மறுபடி கூடினார்கள். ஆக நஷ்டக் கணக்கு வந்து சேர ஒரு வருஷம், சிலசமயம் இரண்டு. இதற்கிடையில் டிசம்பர் 31 வந்துவிடும். வந்த பிரீமியம் மலைபோல, கொடுத்த நஷ்டம் மடுபோல. பங்குதாரர் கூட்டத்தில் கைதட்டல், 20 சதவீதம் டிவிடெண்ட் கொடு என்று குரல். விஷயம் தெரிந்த அண்டர்ரைட்டர் ஒவ்வொரு வருஷக் கணக்கையும் மூன்றாம் வருஷம்வரை மூடாமல் வைத்திருந்துதான் லாபம் என்று சொல்வார். தெரியாதவர்கள் கொடுத்துவிட்டு, மூன்றாம் வருஷம் பங்குதாரரிடம் அந்த 18 பவுண்டைக் கேட்டுக் கடிதம் எழுதுவார்கள். நீங்கள் 1863-ல் ஒரு புதுக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்த்துக் கடன் கொடுக்கும் நிலையில் இருந்திருந்தால், லாபத்தை விட்டுவிட்டு, எந்த வருஷத்துக் கணக்கை மூடியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்திருக்க வேண்டும்.

சூதாட்டமா? சட்டம் 1745-லேயே, கப்பலிலோ சரக்கிலோ உனக்கு ஒன்றும் இல்லையென்றால் பாலிசி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் பாலிசியைக் காட்டினாலே போதும், வேறு சாட்சி வேண்டாம் என்று எழுதிய பாலிசிகள் ராணி காலம் முழுக்க ஓடின. சிலவற்றுக்கு நியாயமான காரணம் உண்டு, வரவேண்டிய லாபத்தையோ கமிஷனையோ எந்த ரசீதைக் காட்டி நிரூபிப்பது? மற்றவை முழுச் சூதாட்டம், யாரோ ஒருவரின் கப்பல் தாமதமாகிறது என்று கேள்விப்பட்டுப் பந்தயம் கட்டுவது. இரண்டுமே கோர்ட்டில் செல்லாது, இரண்டுக்கும் கம்பெனிகள் கண்ணியமாகப் பணம் கொடுத்தன. ராணி இறந்து எட்டு வருஷம் கழித்து 1909-ல்தான் இரண்டாவது வகையைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே போட்டார்கள்.